முப்பது நாளா, ஐந்து நாளா?

மண்டை ஓட்டுக்குள் வெற்றிடம் கிடையாது. மூளை, இரத்தம், மூளையைச் சுற்றி ஓடும் பாய்மம் ஆகிய மூன்றும் அந்த எலும்புப் பெட்டியை நிரப்பி நிற்கின்றன. அங்கே நாலாவதாக ஒன்று வளரத் தொடங்கினால் மற்ற மூன்றில் ஏதோ ஒன்று இடம்விட வேண்டும். வயிற்றுக்குள் ஒரு தேசிக்காய் அளவு கட்டி மாதக்கணக்கில் தெரியாமலே கிடக்கலாம். மூளைக்குள் அதே அளவுக் கட்டி ஒருவரின் பேச்சையோ நடையையோ குணத்தையோ மாற்றிவிடும். காலையில் எழும்பும்போது கூடுதலாக இருக்கும் தலையிடி, சாப்பாட்டோடு தொடர்பில்லாத சத்தி, முன்பு ஒருபோதும் வலிப்பு வராத நாற்பது வயதுக்காரருக்குத் திடீரென வரும் வலிப்பு, ஒரு பக்கக் கை சோர்ந்துபோதல், தெரிந்த சொல் நாக்கில் வராமல் நிற்றல் என்று கட்டி இருக்கும் இடத்துக்கு ஏற்ப அறிகுறி மாறும். தலையிடி எல்லோருக்கும் வருவதுதான், அதில் மிக மிகச் சிலதே கட்டியால் வருவது. ஆனால் வளர்ந்தவருக்கு முதன்முதலாக வரும் வலிப்பை ஸ்கான் எடுக்காமல் விடக் கூடாது.

மூளைக் கட்டிகள் எல்லாம் ஒரு சாதி அல்ல. உடலின் வேறோர் உறுப்பில் தோன்றிய புற்றுநோய் மூளைக்குப் பரவி உண்டாகும் கட்டிகளே எண்ணிக்கையில் அதிகம். மூளையிலும் அதன் உறைகளிலும் தோன்றுபவற்றில் உறையில் வளரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் தீங்கு குறைந்தது. முழுதாக வெட்டி எடுத்தால் பலருக்கு அத்தோடு சரி. நரம்புக் கலங்களுக்குத் துணைநிற்கும் கிளையாக் கலங்களிலிருந்து வருவதுதான் கிளையோமா. உலக சுகாதார நிறுவனம் இவற்றை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரிக்கிறது. 2021இல் வந்த அதன் புதிய வகைப்பாட்டில், நுணுக்குக்காட்டியில் கண்டது மட்டும் போதாது, கட்டியின் மரபணு மாற்றங்களும் பார்க்கப்பட வேண்டும். நான்காம் தரத்தில் நிற்பது கிளையோபிளாஸ்டோமா. இந்த அத்தியாயம் பெரும்பாலும் அதைப் பற்றியது. வளர்ந்தவர்களின் மூளையிலேயே தோன்றும் புற்றுகளில் அதிகம் காணப்படுவதும் அடக்கக் கடினமானதும் அதுவே. அதன் கலங்கள் வேர் விட்டதுபோல நல்ல மூளைக்குள் ஊடுருவி நிற்பதால், சத்திரசிகிச்சை நிபுணர் கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்தாலும் தெரியாதது மிஞ்சும்.

இன்றைய வழக்கமான சிகிச்சை 2005இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. முடிந்த அளவு கட்டியை எடுத்துவிட்டு, ஒரு தடவைக்கு 2 கிறே (கதிர் அளவின் அலகு) வீதம் 30 தடவை, மொத்தம் 60 கிறே கதிர்ச்சிகிச்சை கொடுப்பது அதற்கு முன்பே இருந்த முறை. அதனோடு டெமோசோலமைட் என்ற மாத்திரையையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதே ஆய்வின் கேள்வி. கதிர்ச்சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், மாத்திரையும் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். இரண்டரை மாதம்தானா என்று கேட்கத் தோன்றும். இரண்டு வருடம் தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமாக உயர்ந்தார்கள் என்ற மற்றக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த மாத்திரையின் பெறுமதி விளங்கும்.

அந்த மாத்திரை பிறந்த கதையில் காசின் வழியும் தெரிகிறது. 1980களில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலுள்ள அஸ்டன் பல்கலைக்கழகத்தில் மல்கம் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளரின் குழு அந்த மூலக்கூற்றை உருவாக்கியது. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி ஆராய்ச்சிக்குக் கொடுத்துவந்த 'கான்சர் ரிசேர்ச் கம்பெயின்' என்ற அறக்கட்டளைதான் அதற்குப் பின்னால் நின்றது. மனிதர்களில் முதற் பரிசோதனைகள் லண்டன் சாரிங் குரொஸ் வைத்தியசாலையில் நடந்தன. பெரிய மருந்து நிறுவனம் பிறகுதான் வந்தது. அரிய நோய்களில் இந்த ஒழுங்கு அடிக்கடி காணப்படும். விற்றுத் தீராத சந்தை ஒன்று கண்ணுக்குத் தெரியும்வரை முதலீட்டாளர் அசையமாட்டார், நோயைக் கண்டவர்கள்தான் முதற் காசைப் போடுவார்கள்.

கிளையோபிளாஸ்டோமா அரியது என்பதை யாழ்ப்பாணத்துக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். மேற்கு நாடுகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ மூவருக்கு இது வருகிறது. ஆசியர்களிடம் வீதம் அதைவிடக் குறைவு. 2012 கணக்கெடுப்பின்படி வட மாகாணத்தின் சனத்தொகை சுமார் 10.6 லட்சம். மேற்கு நாட்டு வீதத்தையே எடுத்தாலும் முழு மாகாணத்துக்கும் ஆண்டுக்கு முப்பது பேரளவில்தான் வரும். 2005 ஆய்வில் சேர்ந்தவர்கள் 573 பேர். அதை யாழ்ப்பாணம் தனியே செய்யப் புறப்பட்டிருந்தால், வந்த நோயாளர் எல்லோரும் சம்மதித்தாலும், ஆட்களைச் சேர்த்து முடிக்கவே பத்தொன்பது வருடம் சென்றிருக்கும். உண்மையில் அந்த ஆய்வு 85 நிலையங்களில் நடந்தது, 2000 ஓகஸ்ட் முதல் 2002 மார்ச் வரைக்குள் ஆட்களைச் சேர்த்து முடித்தது. ஒரு நிலையத்துக்குச் சராசரியாக ஏழு பேர்கூட இல்லை. ஏழு நோயாளரை ஒழுங்காகச் சேர்த்து, ஒழுங்காகப் பின்தொடர்ந்து, ஒழுங்காகப் பதிவுசெய்யக்கூடிய ஒரு வைத்தியசாலை உலக ஆய்வொன்றில் முழுப் பங்காளி ஆகலாம். நம்மூரில் ஆராய்ச்சியாவது என்று கைவிரிப்பவர்கள் இந்த வகுத்தற் கணக்கைச் செய்து பார்ப்பதில்லை.

எதை ஆராய்வது என்பது அடுத்த சிக்கல். மருந்து நிறுவனம் புதிய மருந்து ஒன்றைப் பற்றிக் கேட்கும், ஆய்வுகூடத்தார் ஒரு மரபணுவைப் பற்றிக் கேட்பார்கள். நோயாளரின் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். பிரித்தானியாவில் ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்ற அமைப்பின் வழிமுறைப்படி நோயாளர், பராமரிப்பாளர், மருத்துவர் ஆகியோரை ஒன்றாக இருத்தி, மூளை, முண்ணாண் கட்டிகள் பற்றி விடை தெரியாத முக்கியமான பத்துக் கேள்விகளைத் தெரிந்தெடுத்து 2015இல் வெளியிட்டார்கள். நித்திரையும் சாப்பாடும் மன அழுத்தமும் கட்டியின் வளர்ச்சியைப் பாதிக்குமா என்ற கேள்வி அதில் இருந்தது. குறித்த கால இடைவெளியில் ஸ்கான் எடுத்துக்கொண்டே இருப்பதால் நன்மை உண்டா, அல்லது அறிகுறி வந்தபின் எடுத்தால் போதுமா என்ற கேள்வியும் இருந்தது. இரண்டிலும் விற்பதற்கு ஒரு பொருளும் இல்லை. ஆகவே அவற்றுக்குக் காசு போட நிறுவனம் எதுவும் முன்வராது. நோயாளரை மையமாகக் கொண்ட ஆராய்ச்சி நன்கொடையையும் அரசையும் நம்பி நிற்பது இதனால்தான்.

இந்த வகை ஆராய்ச்சிக்கு மும்பையிலிருந்து ஒரு நல்ல உதாரணம் உண்டு. டாட்டா நினைவு மருத்துவமனையில் ராகேஷ் ஜலாலியின் குழு 2001 முதல் 2012 வரை, 3 முதல் 25 வயது வரையான 200 பேரைச் சேர்த்தது. எல்லோருக்கும் மெதுவாக வளரும் மூளைக் கட்டி. பாதிப் பேருக்கு வழக்கமான கதிர்ச்சிகிச்சை, மறுபாதிக்குக் கட்டியின் வடிவத்தை ஒட்டி மிகக் குறுக்கிச் செலுத்தும் கதிர்ச்சிகிச்சை. உயிர்பிழைத்தவர்களின் வீதத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆய்வு அத்தோடு நின்றிருந்தால் புதிய முறையால் பயனில்லை என்று எழுதி மூடியிருப்பார்கள். ஆனால் அவர்கள் பிள்ளைகளின் நுண்ணறிவையும் ஓமோன் சுரப்பையும் வருடக்கணக்கில் அளந்தார்கள். ஐந்து வருடத்தில் புதிதாக ஓமோன் குறைபாடு வந்தவர்கள் வழக்கமான முறையில் 51 சதவீதம், குறுக்கிய முறையில் 31 சதவீதம். நுண்ணறிவும் குறுக்கிய முறையில் கூடுதலாகக் காக்கப்பட்டது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்குமா, வயதுக்கேற்ப வளருமா என்று பெற்றோர் கேட்பது 2017இல் வெளியான அந்த ஆய்வில் எண்களாகப் பதிவானது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மிக அருகில் வரும் கேள்வி நாட்களைப் பற்றியது. முப்பது தடவைக் கதிர்ச்சிகிச்சை என்பது திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். வடக்கில் அது கிடைக்கும் இடம் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. நெடுந்தீவிலிருந்து ஒருவர் வருவதாக வைத்துக்கொள்ளலாம். விடியற்காலையில் குமுதினிப் படகிலோ வேறொன்றிலோ ஏறி, கடல் அனுமதித்தால் ஒரு மணித்தியாலமளவில் குறிகட்டுவான். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை கடந்து யாழ்ப்பாணம் பஸ் நிலையம். அங்கே இன்னொரு பஸ், காங்கேசன்துறை வீதியால் தெல்லிப்பழை. மேசையில் படுத்து, முகமூடி இறுக்கி, கதிர் பாயும் நேரம் சில நிமிடம். அன்றே திரும்பிப் போகக் கடைசிப் படகைப் பிடிப்பது ஆரோக்கியமானவருக்கே சிரமம். ஆகவே அவர் விடுதியில் படுக்க வேண்டும், அல்லது உறவினர் வீட்டில் ஆறு வாரம் தங்க வேண்டும். கூட நிற்பவரின் ஆறு வார உழைப்பும் போகும். அவருக்கு எழுபது வயது, எஞ்சிய ஆயுள் ஏழெட்டு மாதம் என்றால் அந்த ஆறு வாரம் மிகப் பெரிய பங்கு.

இந்தக் கணக்கை ஓர் ஆய்வு நேராகவே எடுத்துக்கொண்டது. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் ஆதரவோடு பல நாடுகளில் நடந்து, 2015இல் வெளியான அந்த ஆய்வில் வயதானவர்களும் உடல் தளர்ந்தவர்களுமாக 98 கிளையோபிளாஸ்டோமா நோயாளர் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு மூன்று வாரத்தில் 15 தடவை, 40 கிறே. மற்றப் பகுதியினருக்கு ஒரே வாரத்தில் 5 தடவை, 25 கிறே. இடைநிலை ஆயுள் முதற் பகுதிக்கு 6.4 மாதம், ஐந்து நாள் பெற்றவர்களுக்கு 7.9 மாதம். புள்ளிவிபரவியல்படி இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. வாழ்க்கைத் தரத்திலும் இல்லை. அணுவாயுதக் கண்காணிப்புச் செய்திகளில் அடிபடும் முகவரகத்துக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். வறிய நாடுகளில் கதிர்ச்சிகிச்சையைப் பரப்புவதும் அதன் கடமைகளில் ஒன்று, இயந்திரம் குறைவான நாடுகளுக்கு மூன்று வாரத்துக்கும் ஒரு வாரத்துக்கும் உள்ள வேறுபாடு காத்திருப்போர் வரிசையின் நீளம். இருந்தாலும் 98 பேர் சிறிய தொகை. அவர்களுக்கு டெமோசோலமைட் கொடுக்கப்படவும் இல்லை. பிறகு 2017இல் வெளியான, 65 வயதுக்கு மேற்பட்ட 562 பேரில் செய்த ஆய்வு, 15 தடவைக் கதிரோடு அந்த மாத்திரையையும் சேர்த்தால் இடைநிலை ஆயுள் 7.6 மாதத்திலிருந்து 9.3 மாதமாகிறது என்று காட்டியது. அப்படியானால் ஐந்து நாள் கதிரோடு மாத்திரை சேர்த்தால்? நெடுந்தீவு நோயாளருக்கு இதைவிட அவசரமான கேள்வி இருக்க முடியாது. அதை ஆராயப் புதிய இயந்திரமோ புதிய மருந்தோ வேண்டியதில்லை. டெமோசோலமைட் இப்போது பல நிறுவனங்கள் செய்யும் பழைய மருந்து.

காசு கொடுப்பதில் குடாநாடு பின்நின்றதில்லை. இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வேர், அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் காலத்தில், 1850இல் பிரெண்ட் இன் நீட் சொசைட்டி என்ற தரும சங்கம் நடத்திய வைத்தியசாலை. அரசு அதைப் பொறுப்பெடுத்தது 1907இல்தான். இணுவில் மக்லியொட் வைத்தியசாலை 1898இல் திறக்கப்பட்டது. மிஷனறிகளான லீச் சகோதரிகள் கடல் கடந்து போய்த் திரட்டிய காசு அதற்கு அடித்தளம். வைத்தியசாலை கட்ட ஊரும் வெளியூரும் சேர்ந்து காசு போடுவது இங்கே நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம்.

அந்தப் பழக்கத்தின் பெரிய அண்மைக் கால உதாரணம் 2011 ஜூலையில் நடந்த 'ட்ரெயில்' நடைபவனி. நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இருவர் தொடக்கிய அந்த நடை, தீவின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீற்றரை 27 நாளில் கடந்தது. போர் முடிந்து இரண்டே வருடம். தெற்கிலிருந்து நடந்து வந்தவர்களில் பலருக்கு அதுவே முதல் வடக்குப் பயணம். திரட்டியது இருபது லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல். அந்தக் காசில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை வளாகத்தில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. ஏ-9 வீதி மூடியிருந்த காலத்தில், 2006க்குப் பிறகு, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக வேண்டிய ஒருவர் பாஸ் எடுத்துக் கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்திருக்க வேண்டியிருந்தது. அதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கட்டடத்தின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. 2016இல் நடை எதிர்த்திசையில், பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்குப் போனது. இம்முறை நோக்கம் காலி கராப்பிட்டியவில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை.

இதோடு இன்னொரு நெடும்பயணத்தை ஒப்பிடலாம். கனடாவில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் வருடந்தோறும் செப்டெம்பரில் பள்ளிக்கூடத்தில் ஓடும் ஓட்டம் அதன் நினைவாகத்தான். எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெரி பொக்ஸ் 1980 ஏப்ரலில் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து பொய்க்காலோடு ஓடத் தொடங்கினார். நோய் நுரையீரலுக்குப் பரவி செப்டெம்பர் 1ஆந் திகதி நிற்கும்வரை 143 நாளில் 5,373 கிலோமீற்றர். நாட்டில் ஆளுக்கு ஒரு டொலர் என்ற அவரது இலக்கு, 2.4 கோடி டொலர், அடுத்த பெப்ரவரிக்குள் எட்டப்பட்டது. அவர் கேட்டது கட்டடத்துக்கு அல்ல, ஆராய்ச்சிக்கு; அவர் பெயரில் நடக்கும் ஓட்டங்களின் காசு இன்றும் அதற்கே போகிறது. 2011இல் தெல்லிப்பழைக்குக் கட்டடம்தான் முதல் தேவை, அதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் கட்டடம் எழுந்தபின் அடுத்த காசு எங்கே போக வேண்டும் என்ற கேள்வி வருகிறது. பழைய மாணவர் சங்கமும் ஊர்ச் சங்கமும் வழக்கமாகத் தேர்வது இன்னொரு கட்டடம் அல்லது இன்னொரு இயந்திரம். இயந்திரத்தில் நன்கொடையாளர் பெயரைப் பொறிக்கலாம், நாடா வெட்டலாம், படம் எடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்பலாம். ஆய்வு உத்தியோகத்தர் ஒருவரின் மூன்று வருடச் சம்பளத்துக்கு நாடா வெட்ட முடியாது.

ஆனால் ஆராய்ச்சிச் செலவில் பெரும் பங்கு அப்படிப்பட்ட ஆட்களுக்குத்தான் போகிறது. ஆய்வில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒருவர் இருந்து விளக்கி, சம்மதம் பெற்று, கிளினிக் கொப்பியில் உள்ளதைப் படிவத்தில் ஏற்றி, அடுத்த வருகைக்கு வராவிட்டால் தொலைபேசியில் அழைத்து விசாரிக்க வேண்டும். நெருக்கடியான கிளினிக்கில் நிற்கும் வைத்தியரோ தாதியோ இதை மேலதிகமாகச் செய்ய முடியாது. செய்தால் படிவங்கள் பாதியில் நிற்கும். பாதித் தரவுள்ள ஆய்வு, ஆய்வே செய்யாததைவிட மோசம். அடுத்தது பஸ் காசு. பின்தொடர்தலுக்கு வராமற் போகிறவர் நலமாயிருக்கிறார் என்றும் கொள்ள முடியாது, இறந்தார் என்றும் கொள்ள முடியாது. வறியவர்களே அதிகம் விடுபட்டால் முடிவு வசதியானவர்களின் முடிவாகிவிடும். அதனால் போக்குவரத்துக் கொடுப்பனவு நல்ல ஆய்வின் பாதீட்டில் ஒரு கட்டாயச் செலவினம். பங்குபற்றுவோருக்குக் காப்புறுதி, நெறிமுறைக் குழுவின் அனுமதி, 2006 முதல் இயங்கும் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிதல், கட்டி மாதிரிகளைப் பாதுகாத்துப் பரிசோதித்தல் ஆகியவை மிச்சச் செலவு. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதத்தையே ஆராய்ச்சிக்குச் செலவிடும் அரசிடம் இதற்கெல்லாம் கையேந்தினால் நீண்ட வரிசை. 2022 பொருளாதார நெருக்கடியில் புற்றுநோய் மருந்துக்கே தட்டுப்பாடு வந்தபோது ஆராய்ச்சியைப் பற்றிப் பேச ஆளில்லை.

கணக்கெடுப்பதும் ஆராய்ச்சிதான். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் வரலாறு இதற்குப் பாடம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் மூலம் ஊர் ஊராகக் காசு சேர்த்து 1954இல் 12 கட்டிலோடு அதைத் திறந்தார். டொக்டர் வி. சாந்தா அடுத்த வருடம் அங்கே சேர்ந்தார். 1980களின் தொடக்கத்திலேயே சென்னை நகரின் புற்றுநோயாளர் எல்லோரையும் பதியும் பதிவேட்டை அந்த நிலையம் நடத்தத் தொடங்கியது. எத்தனை பேருக்கு, எந்த வயதில், எந்த ஊரில், எத்தனை மாதம் கடந்து கண்டறியப்பட்டது என்று தெரியாத இடத்தில் எந்த ஆய்வையும் திட்டமிட முடியாது. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடமும் போதனா வைத்தியசாலையும் தெல்லிப்பழையும் சில மைல் தூரத்துக்குள் இருப்பது இந்த வேலைக்கு அமைந்த வசதி.

மொழியும் செலவுக்குரிய விடயம். வாழ்க்கைத் தரத்தை அளக்க ஐரோப்பிய புற்றுநோய் ஆய்வு அமைப்பின் 30 கேள்விப் படிவமும், மூளைக் கட்டிக்கென உள்ள 20 கேள்விப் படிவமும் உலகெங்கும் பயன்படுகின்றன. அவற்றை ஒரு மொழிக்குக் கொண்டுவர இருவர் தனித்தனியே பெயர்த்து, ஒப்பிட்டு, மறுபடி மூலமொழிக்குத் திருப்பிப் பார்த்து, நோயாளரிடம் வாசித்துக் காட்டி விளங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். சென்னையில் சரியான தமிழ் சாவகச்சேரியில் அப்படியே சரியாகிவிடாது. 'தலைவலி' என்றால் விளங்கும், ஆனால் வாயில் வருவது 'தலையிடி'. 'வாந்தி' என்றாலும் விளங்கும், ஆனால் 'எத்தனை தரம் சத்தி எடுத்தனீங்கள்' என்று கேட்டால்தான் எண்ணிச் சொல்வார்கள். மூளைக் கட்டி சொல்லையே தடுமாற வைக்கும் நோயாதலால், சுற்றிவளைத்த கேள்விக்கு வரும் விடையை நம்ப முடியாது. மானிப்பாயில் 1840களின் இறுதியிலிருந்து மருத்துவம் கற்பித்து, பின்னர் அதைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கிய மிஷனறி மருத்துவர் சாமுவேல் கிறீன் இதே சிக்கலோடுதான் மல்லுக்கட்டினார். சம்மதப் படிவத்துக்கும் இது பொருந்தும். விளங்காமல் வைத்த கையெழுத்து சம்மதம் ஆகாது.

நன்கொடையாளர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒழுங்கான பரிசோதனையில் ஆய்வு மருந்துக்கு நோயாளரிடம் காசு வாங்கமாட்டார்கள். பெருந்தொகை கட்டினால் 'புதிய சிகிச்சை' தருவதாகச் சொல்லும் வெளிநாட்டு நிலையங்களுக்காக வங்கிக் கணக்கிலக்கத்தோடு முகநூலில் வரும் வேண்டுகோள்களில் சில இந்த வகை. ஒரு குடும்பத்தின் தவிப்பை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அங்கே என்ன கொடுத்தார்கள், என்ன ஆனது என்பது எங்கேயும் பதியப்படாததால், அடுத்த நோயாளருக்கு அந்தக் காசிலிருந்து ஒன்றும் கிடைப்பதில்லை. எதிர்ப்பக்க உதாரணம் பிரித்தானியாவில் உண்டு. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் மருந்தொன்றை டெமோசோலமைட்டோடு சேர்த்துப் பார்க்கும் ஆய்வுக்கு அங்குள்ள மூளைக் கட்டி அறக்கட்டளை 2021இல் பொதுமக்களிடம் கேட்டு, சில மாதத்துக்குள் நாலு லட்சம் பவுணுக்கு மேல் திரட்டியது. மருந்து பலிக்கிறதோ இல்லையோ, கொடுத்தவர்கள் வாங்கியது ஒரு விடை.

அந்த விடை வரப் பல வருடம் பிடிக்கும், கடைசித் தரவு வைத்தியசாலைக்கு வெளியேயிருந்து வரும். கிளையோபிளாஸ்டோமா ஆய்வுகளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இறுதியில் நிரப்ப வேண்டியது ஒரு திகதி. பலர் வீட்டில்தான் இறக்கிறார்கள். ஆய்வு உத்தியோகத்தர் முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை பொறுத்து, வீட்டுக்கு அழைத்து, அந்தத் திகதியையும், கடைசியாக எப்போது எழும்பி நடந்தார், எப்போது ஆட்களை அடையாளம் கண்டார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்வார்.